சீட்டு சொல்லாததை நான் சொன்னேன்

மகனே, ஐயா,

அடுத்த வாரம் நீ பினாங்கு போகிறாய். கம்பெனியில் மாற்றல், சம்பளமும் கூடுகிறது, வீடு கிடைத்ததும் பிள்ளைகளை அழைத்துக்கொள்வாய் என்று கேட்பவர்களுக்கெல்லாம் நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பெருமையாகத்தான் சொல்கிறேன். ஆனால் நேற்று நீ பெட்டியில் துணி அடுக்கும்போது அந்த பிஸ்கட் டின்னை எடுத்தாய். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாய். பிறகு அலமாரியின் மேலேயே திரும்ப வைத்துவிட்டாய். அதற்குள்தான் உன் சீட்டுக்கட்டு இருக்கிறது. அதை நீ தொடாமல் போவதற்குக் காரணம் நான். உன் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட எத்தனையோ தடவை பக்கத்தில் வந்தேன். "சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்பாய். சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குத் திரும்பிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன். ஏன் என்பது முடிக்கும்போது உனக்கே தெரியும்.

நான் படித்தது புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும். அதற்குப் பிறகு தங்கச்சிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அப்பா நிறுத்திவிட்டார். எழுத்துப் பிழை இருந்தால் உன் மகள் திருத்துவாள். பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளை. அவளை என் பேத்தி என்று சொல்லும்போது என் குரல் தானாக ஒரு படி ஏறும், அது எனக்கே தெரியும். இந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது என்றால் நீ சிரிப்பாய். சிரிக்காதே, கேள்.

நீ முதன்முதலில் குறி சொல்கிற டாரோட் சீட்டைக் கொண்டுவந்து மேசையில் பரப்பியபோது நான் திட்டினேன், ஞாபகம் இருக்கிறதா? ரவாங் ஃபேக்டரியில் உன்னோடு வேலை பார்த்த சீனப் பெண், வேறு வேலைக்குப் போகும்போது உன்னிடம் கொடுத்துவிட்டுப் போனது. நான் வளர்ந்த இடத்தில் சீட்டு என்றால் சம்பளத்தன்றைக்கு லயத்து வீடுகளுக்குப் பின்னால் உட்கார்ந்து ஆடுவது, போலீஸ் ஜீப் சத்தம் கேட்டால் செம்பனைத் தோப்புக்குள் ஓடுவது. அதுவும் இந்தச் சீட்டில் குதிரை மேல் எலும்புக்கூடு வேறு உட்கார்ந்திருந்தது. "சாமி படத்துக்கு நேரா இத வைக்கிறியேடா" என்றேன். நீ மேசையை அந்தப் பக்கம் நகர்த்திப் போட்டாய், அவ்வளவுதான். பிறகு ஆள் வர ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமையானால் வாசலில் நாலு ஜோடி செருப்பு கிடக்கும். கலும்பாங்கிலிருந்து வருகிறார்கள், ரவாங்கிலிருந்து வருகிறார்கள், புக்கிட் ரோத்தானிலிருந்துகூட இந்த புக்கிட் பெருந்துங் வரைக்கும் பஸ் மாறி வருகிறார்கள். பாசாரில் காய்கறிக்காரர், "ஒங்க மகன்தான் சீட்டுப் பாக்குறவரா?" என்று கேட்டு ஒரு கட்டுக் கீரையை சும்மா கொடுத்தார். அன்றையிலிருந்து எலும்புக்கூடு எனக்குத் தொந்தரவாகத் தெரியவில்லை.

வந்தவர்களுக்கு தே ஓ, பால் ஊற்றாத தேத்தண்ணி, கலக்கிக் கொடுப்பது என் வேலை. அத்தோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் தோட்டத்தில் பிறந்த வாய் இது. புது ஆளைப் பார்த்தால் முதல் கேள்வி, "எந்தத் தோட்டம்? யாரு வூட்டுப் புள்ள?" இரண்டையும் கேட்டுவிட்டால் பாதிக் கதை எனக்கே தெரியும். அவர்கள் தாத்தா எந்த டிவிஷனில் ஆள் மேய்த்த மண்டோர், எந்த அத்தை யாரோடு ஓடிப்போனாள், எல்லாம் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக வந்து நிற்கும். தோட்டம் விற்றுப்போச்சு, லயத்தை இடிச்சாச்சு, ஆளுக்கொரு தாமான் குடியிருப்பில் கிடக்கிறோம். ஆனாலும் அந்த ஒரு கேள்வியில் எல்லாரும் சொந்தக்காரர்களாகிவிடுகிறோம். அதில் என்ன தப்பு என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு மண்டோரின் பேத்தி வந்த நாளைச் சொல்கிறேன். கல்யாணத்துக்கு நிற்கிற பெண், பயந்த மாதிரி உட்கார்ந்திருந்தது. நான் தே ஓ கொண்டுவந்து வைக்கிற சாக்கில் உன் காதில், "இதோட அப்பா இன்னொரு குடும்பம் வச்சிருந்தாரே, அந்த வீட்டுப் புள்ளடா" என்றேன். உனக்கு உதவி செய்வதாக நினைப்பு. நீ கையிலிருந்த சீட்டை அப்படியே மூடி வைத்தாய். "தங்கச்சி, எங்கம்மா இப்ப ஒங்களப் பத்தி எங்கிட்ட ஒன்னு சொல்லிட்டாங்க. இனிமே நான் எதச் சொன்னாலும் அது சீட்டுலேர்ந்து வந்துச்சா, எங்கம்மாகிட்டேர்ந்து வந்துச்சான்னு எனக்கே தெரியாது. இன்னொரு நாள் வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டாய். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிட்டது. "கொஞ்சம் சேத்துச் சொல்லியிருந்தா அந்தப் புள்ள அசந்து போயிருக்கும்லா, ஊரே பேசும்" என்று உன்னோடு சண்டை போட்டேன். "அசந்து போறதுக்கு அவங்க சர்க்கஸுக்கா வந்திருக்காங்க?" என்று கேட்டாய். அதன்பிறகு அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டுத்தான் சீட்டை எடுத்தாய். அந்தக் கதவு எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

உன் சட்டங்கள் எல்லாமே எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தன. வந்தவர் மூடிவைத்த கட்டிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் குப்புற வைக்க வேண்டும், பிறகு கேள்வியைச் சொல்ல வேண்டும், கேள்வி சரியில்லை என்றால் நீ சீட்டையே திருப்ப மாட்டாய். ஒரு மாமியார்க்காரி வந்து, மருமகள் தன் மகனுக்கு வசிய மருந்து வைத்திருக்கிறாளா பார் என்றாள். "அவங்க இங்க இல்லையே. அவங்களக் கேக்காம அவங்களப் பத்திப் பாக்க மாட்டேன். ஒங்க மனசுல உள்ளதக் கேளுங்க" என்றாய். "என் மனசுல என்னா இருக்கு? அவதான் இருக்கா!" என்று அந்த அம்மாள் கத்தியதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டு நான் சேலையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன். அழுகிறவர்களிடம், "நிறுத்திக்கலாமா?" என்று கேட்பாய். நோய், சாவு, கோர்ட் கேஸ் மூன்றுக்கும் பார்க்கவே மாட்டாய். "நீ என்னா டாக்டரா, லாயரா, இவ்வளவு பயப்பட?" என்பேன். "ரெண்டும் இல்லாததாலதான்மா" என்பாய்.

ஒரு தடவை எனக்குப் பார்க்கச் சொன்னேன். முட்டி வலி எப்போது போகும் என்று கேட்கலாம் என்றிருந்தேன். நீ சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டாய். "ஒங்களுக்குன்னா நல்லதாத்தான்மா சொல்ல வரும். மனசு அப்படி. நல்லது நடக்கணும்னு நெனைக்கிறவன் சீட்டப் பாக்கக் கூடாது." பெற்ற தாய்க்குச் செய்ய மாட்டேன் என்கிறானே என்று அன்றைக்குக் கோபம். இன்றைக்கு அந்த வார்த்தை நெஞ்சில் குத்திக்கொண்டே கிடக்கிறது.

சரோஜா வந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். ஆனால் நீ பார்க்காத பாதி ஒன்று உண்டு. கலும்பாங்கிலிருந்து தனியாக வந்தாள். வெயில், வியர்வை, கையில் ஒரு பிளாஸ்டிக் பை. வழக்கம்போல் கேட்டேன், எந்தத் தோட்டம், யார் வீட்டுப் பிள்ளை என்று. சொன்னாள். நான் இருந்த தோட்டம்தான். அவள் அம்மாவும் நானும் பக்கத்துப் பக்கத்து நிரையில், ரப்பர் மர வரிசையில், பால் வெட்டினவர்கள். உன்னை வயிற்றில் சுமந்துகொண்டு நான் வேலைக்குப் போன மாதங்களில் என் வாளியையும் சேர்த்துத் தூக்கினவள் அந்த மனுஷி. "அட, நீ அவ மகளா!" என்று கையைப் பிடித்துக்கொண்டேன். சரோஜாவும் வயசைப் பார்க்காமல் அக்கா அக்கா என்று ஒட்டிக்கொண்டாள். பிறகு நீ கூப்பிட்டாய், உள்ளே போனாள். நான் அடுப்படிக் கதவில் காதை வைத்துக்கொண்டேன்.

அவள் சீட்டை எடுத்துக் குப்புற வைத்துவிட்டுக் கேட்டாள். வீட்டுக்காரர் வேலுவுக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. லோரி ஓட்டுகிறவர். காலில் இரண்டு விரல் கறுத்துவிட்டது, எடுத்தே ஆகவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள், அவர் மாட்டேன் என்கிறார், இவளுக்கும் பயம். வெட்டலாமா வேண்டாமா? நீ சீட்டைத் திருப்பவில்லை. "அக்கா, இது சீட்டு சொல்ற விசயமில்ல. டாக்டர் சொல்லிட்டாருல்ல, இன்னிக்கே போங்க. நானே காடில கூட்டிட்டுப் போறேன், வீட்டுக்குப் போயி அண்ணனையும் ஏத்திக்குவோம். இருங்க, சட்டைய மாத்திட்டு வந்துர்றேன்." நீ மாடிப்படி ஏறுகிற சத்தம் கேட்டது. சரோஜா தேம்புகிற சத்தமும் கேட்டது.

நான் கதவைத் திறந்துகொண்டு போனேன்.

உண்மையைச் சொல்கிறேன், அப்போது எனக்கு உன் மேல்தான் கோபம். என் தோழி மகள் அழுகிறாள், நீ சட்டை மாற்றப் போகிறாய். ஒரு நல்ல வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? சீட்டு மேசையில் குப்புறக் கிடந்தது. எடுத்துத் திருப்பினேன். பெரிய சூரியன். கீழே வெள்ளைக் குதிரை மேல் ஒரு குழந்தை கையை விரித்துச் சிரித்துக்கொண்டு போகிறது, பின்னால் சூரியகாந்திப் பூ. அடியில் இங்கிலீஷில் என்னவோ எழுதியிருந்தது, அது எனக்குத் தேவைப்படவில்லை.

"பாரு சரோஜா, சூரியன் வந்திருக்கு. புள்ள குதிர மேல சிரிச்சுக்கிட்டுப் போவுது பாரு. ஒன் புருசன் காலுக்கு ஒன்னும் ஆவாது, வெட்ட வேணாம், அழுவாத."

"தம்பி அப்படியா சொல்லுதுக்கா?"

இல்லை, நான்தான் சொல்கிறேன் என்று சொல்ல அந்த இடத்தில் எனக்கு நேரம் இருந்தது. நான் சொன்னது வேறு. "அவன் வாயத் தொறந்து சொல்ல மாட்டான். அவனுக்கு அப்படி ஒரு சட்டம். ஆனா சீட்டப் பாத்துட்டுத்தான் எந்திரிச்சுப் போனான்." நீ அந்தச் சீட்டைப் பார்க்கவே இல்லை. அது எனக்குத் தெரியும்.

சரோஜா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முகம் தெளிந்துவிட்டது. அந்த முகத்தைப் பார்க்க எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? நீ காடிச் சாவியோடு இறங்கி வந்தபோது சீட்டு மறுபடியும் குப்புறக் கிடந்தது. "வேணாந்தம்பி, நாங்களே போயிக்கிறோம்" என்று உன்னைக் கும்பிட்டுவிட்டு அவள் நடந்து போனாள். "ஒரு வார்த்தைல எப்படி மனசு மாறிட்டாங்க?" என்று நீ என்னைக் கேட்டாய். "புருசனக் கேக்கணும்ல" என்றேன். அது இரண்டாவது பொய்.

அவர்கள் போகவில்லை. பச்சிலை வைத்துக் கட்டினார்கள், எண்ணெய் போட்டார்கள், சூரியன் வந்திருக்கிறது என்று காத்திருந்தார்கள். கடைசியில் காய்ச்சலில் தூக்கிக்கொண்டு போனபோது விரலோடு முடியவில்லை. முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

சரோஜாவின் அண்ணன் கேட்டில் வந்து நின்று கத்தியது தாமான் முழுக்கக் கேட்டது. "எவன்டா அது சீட்டுப் பாக்குறவன்? வெளிய வாடா! காலு போவாதுன்னு சொன்னியாமே, வந்து பாருடா, எங்க இருக்கு காலு?" நீ வெளியே போனாய். அந்த ஆள் சொல்லச் சொல்ல உனக்கு விஷயம் புரிந்துவிட்டது. திரும்பி என்னை ஒரு தடவை பார்த்தாய். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான் செய்தேன். நீ அவரைக் கும்பிட்டு, "எங்க வீட்டுல சொன்னதுதாண்ணே. மன்னிச்சிருங்க" என்றாய். நான் இல்லை, எங்கம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த ஆள் வாயை மூடிக்கொண்டு போயிருப்பார், கிழவியை யார் அடிப்பார்கள்? நீ சொல்லவில்லை. அவர் கேட்டை உதைத்துவிட்டுப் போனார். அன்றைக்கே சீட்டை டின்னில் போட்டாய். ஞாயிற்றுக்கிழமை வந்தவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினாய். பாசாரில் காய்கறிக்காரர் என்னைக் கண்டால் இப்போது தராசைப் பார்க்கிறார். நீ ஒரு நாள் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

போன புதன்கிழமை உன் மகளை அழைத்துக்கொண்டு கலும்பாங் போனேன். அவள்தான் காடி ஓட்டினாள். வழியெல்லாம், "பாட்டி, அங்க போயி சுத்தி வளச்சுப் பேசாதீங்க, நேரா சொல்லிருங்க" என்று எனக்குப் பாடம் எடுத்தாள். வேலு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடித்துக் கட்டிய கைலிக்குக் கீழே ஒரு கால்தான். "வாங்கக்கா" என்றார். "புதுச் செருப்பு வேணுமா? ஒரு பக்கம் போடாமலே கெடக்கு, பாதி வெலைக்குத் தர்றேன்." சிரிக்க வேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை. அவரே சிரித்துக்கொண்டார். சரோஜா தே ஓ கொண்டுவந்து வைத்தாள். அண்ணன் சத்தம் போட்டதற்கு அவள் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தாள். "தம்பி என்னா பண்ணும், சீட்டுல வந்தத சொல்லிச்சு" என்றாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

நேராகத்தான் சொன்னேன். சீட்டைத் திருப்பியது நான், சொன்னது நான், என் மகன் அதைப் பார்க்கவே இல்லை, அவன் பேரைச் சொன்னது பொய்.

சரோஜா தே ஓ கொண்டுவந்த தட்டை எடுத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். பிறகு, "அப்ப தம்பி காடி எடுக்கறேன்னு சொன்னது?" என்றாள்.

"அது ஒன்னுதாம்மா அவன் சொன்னது. மத்ததெல்லாம் நான்."

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். வேலு என்னைப் பார்க்கப் பாவமாக இருந்ததோ என்னவோ, "விடுங்கக்கா, எனக்கே வெட்டிக்க மனசில்ல. ஒங்க பேச்சு எனக்கு ஒரு சாக்கு" என்றார். அந்த ஆறுதலை வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் போல ஆசையாக இருந்தது ஐயா. வாங்கவில்லை. அந்தச் சாக்கை அவர் கையில் கொடுத்தது யார்?

கிளம்பும்போது சரோஜா வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது. குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். "அக்கா, நான் சீட்ட நம்பலக்கா. அந்தப் படத்தப் பத்தி எனக்கு என்னா தெரியும்? எங்கம்மா கூட நெரையில நின்னவங்க சொல்றாங்களேன்னு நம்புனேன்." நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன், அவள் கொடுக்கவில்லை. அடுத்த தடவை அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டிய நாளைச் சொன்னால் பேத்தி காடி கொண்டுவருவாள் என்றேன். "வேணாங்கக்கா, நாங்களே போயிக்கிறோம்" என்றாள். உன்னிடம் அன்றைக்குச் சொன்ன அதே வார்த்தை. திரும்பி வரும்போது உன் மகள் வீடு வரைக்கும் என் மடியில் ஒரு கையை வைத்துக்கொண்டே ஓட்டினாள்.

எந்தத் தோட்டம் என்று கேட்டு நான் அவள் கையைப் பிடித்ததுதான் அந்தச் சீட்டுக்கு உயிர் கொடுத்தது. இதை உனக்கு அறிவுரையாகச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, ஆனாலும் தாய் என்பதால் சொல்கிறேன். உன் சட்டங்களை ஒருத்தருக்காகவும் தளர்த்தாதே. அவசரத்தில் வருகிறவர்கள் நல்ல வார்த்தையைத்தான் கேட்பார்கள், கொடுக்கிறவனுக்கும் அது சுகமாகத்தான் இருக்கும். அந்தச் சுகத்தைப் பார்த்துப் பயப்படு. அதோடு ஒன்று சேர்த்துக்கொள். பினாங்கில் நீ மறுபடியும் சீட்டை எடுத்தால், உன்மேல் பெருமை கொண்டவர்கள் யாரும் அந்த அறைக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. நான் உன்னைப் பார்க்க வருகிற நாளில் சீட்டை எடுக்காதே. டின்னை நான் உன் பெட்டியில் துணிக்கு அடியில் வைத்திருக்கிறேன். வேண்டாம் என்றால் அங்கே போய் நீயே தூக்கிப் போடு. என்னால் நின்றுபோனது என்று மட்டும் இருக்க வேண்டாம்.

இன்றைக்குக் காலையில் கேட்டில் ஒரு பெண் வந்து நின்றாள். சீட்டுப் பார்க்கிற அண்ணன் இருக்கிறாரா என்று கேட்டாள். முகச்சாடையைப் பார்த்ததும் எந்த வீட்டுப் பிள்ளையாக இருக்கும் என்று என் மனசு ஓடத் தொடங்கிவிட்டது, கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. இல்லம்மா, இப்போது பார்ப்பதில்லை, வெயிலில் வந்திருக்கிறாய், தே ஓ குடிக்கிறாயா என்றேன். குடித்துவிட்டுப் போனாள். அவள் யார் வீட்டுப் பிள்ளை என்று எனக்குத் தெரியாது. நாள் முழுக்க அது அரித்துக்கொண்டே இருக்கிறது, இருக்கட்டும்.

இதைப் பத்திரிகைக்கு அனுப்பச் சொல்லி உன் மகளிடம் கொடுக்கிறேன். கேட்டில் நின்று உன்னைத் திட்டியவர், கேட்காமலே நம்பியவர்கள், கலும்பாங்கிலும் ரவாங்கிலும் உன் பேரைச் சொல்லித் துப்பியவர்கள் எல்லாருக்கும் இது போய்ச் சேரட்டும். கால் போகாது என்று சொன்னது நான். என் மகன் அன்றைக்குச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "இன்னிக்கே போங்க, நானே காடில கூட்டிட்டுப் போறேன்."

அம்மா